இலஞ்ச ஆணைக்குழுவுக்கு அறிவித்தால் உண்மையில் என்ன நடக்கும்?

குளக்கட்டு

வணக்கம். இந்தக் களத்தில் நான் வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வன்னியில் அப்பாவின் பெயரில் ஒரு காணி. 1980களில் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது. இரண்டு தடவை இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, காடு வெட்டிக் கிணறு திருத்தி அம்மா அதிலேதான் இருக்கிறா. அப்பா இறந்த பிறகு தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்து இரண்டு வருடமாகிறது. எந்தக் கந்தோர் என்று சொல்ல மாட்டேன். போன கிழமை அங்கே ஒருவர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "கோப்பு மேலே போக வேணும், ஒரு நாற்பது ஆயத்தப்படுத்துங்கோ அம்மா, எல்லாருக்கும் ஒரு சந்தோசம் குடுக்க வேணும்" என்றாராம். நாற்பது என்றால் 40,000 ரூபா.

அம்மா காப்பை ஈடு வைக்கப் போகிறேன் என்கிறா. நான் வேண்டாம் என்கிறேன். "நீ கொழும்பில இருந்து நியாயம் கதைப்பாய், நான்தான் அந்தக் கதவடியில போய் நிக்க வேணும்" என்று அழுகிறா.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாமா என்று யோசிக்கிறேன். அறிவித்தால் கோப்பு நிரந்தரமாகத் தொலைந்து விடுமா? தமிழில் சொல்லலாமா? சிறிய ஆட்களின் முறைப்பாட்டை அவர்கள் பார்ப்பார்களா? இதற்குள் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கோப்பு

தம்பி, நான் 31 வருடம் அரச கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று சொல்கிறேன். கோப்பு தானாகத் தூங்குவதில்லை, யாரோ ஒருவர் தூங்க வைக்கிறார். "மேலே போக வேணும்" என்பது இந்தக் கதைகளில் எப்போதும் வரும் வசனம். மேலே என்றால் எங்கே, எந்தப் பதவி, எந்தத் திகதி என்று கேட்டால் பதில் வராது.

ஆகவே அதை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு அம்மாவின் பெயரில் ஒரு விண்ணப்பம்: என் கோப்பு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாரிடம் எந்தத் திகதியில் ஒப்படைக்கப்பட்டது, இன்னும் என்ன ஆவணம் தேவை. 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். பல இடங்களில் அந்த ஒரு தாளுக்கே கோப்பு விழித்திருக்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இது இலஞ்சம் கேட்டதற்கான பதில் இல்லை, தெரியும். ஆனால் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

புளியமர நிழல்

தாள் எல்லாம் சரி ஐயா. ஆனால் ஆணைக்குழு என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு 2021தான் நினைவுக்கு வருகிறது. பெரிய ஆட்களின் வழக்குகளை வரிசையாக வாபஸ் வாங்கினார்களே. அம்மாவின் 40,000க்கு ஒரு எழுதுவினைஞரைப் பிடித்து உள்ளே போடுவார்கள், படத்தோடு செய்தி வரும். அமைச்சர்களின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் "தொழில்நுட்பக் குறைபாடு" என்று திரும்பி வரும். இந்த நாட்டில் பிறந்த எவரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. குளக்கட்டு, உங்களைத் தடுக்கவில்லை. எதை நம்பிப் போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள், அவ்வளவுதான்.

கறுப்புக் கோட்டு

நான் சட்டத்தரணி. குளக்கட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விடயம்: இதற்கு மேல் உங்கள் காணி, உங்கள் கந்தோர், நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பற்றி இங்கே ஒரு வரியும் எழுத வேண்டாம். எழுதினதையும் முடிந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிக் குறைத்து விடுங்கள். சுற்றிவளைப்பு, அதாவது காசு வாங்கும்போதே கையோடு பிடிப்பது, கேட்டவருக்குத் தெரியாமல் நடக்க வேண்டிய காரியம். வன்னி, அனுமதிப்பத்திரம், இரண்டு வருடம், கொழும்பில் மகன் என்பதே ஒரு ஆளை அடையாளம் காணப் போதும்.

இனிப் பொதுவாகச் சொல்கிறேன்.

காசு கொடுக்கும் முன்பே அறிவிக்க வேண்டும். இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். கொடுத்து, வேலை நடக்காமல் போன பிறகு கோபத்தில் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போகக் கூடாது என்றில்லை. கொடுத்தவரைச் சாட்சியாக ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கேட்டவுடன் போகிறவரின் நிலை மிகவும் பலமானது.

1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இலங்கையின் இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் 1954தான், அதனால் இலக்கம் மறக்காது. அலுவலகம் கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் இருக்கிறது. தமிழில் சொல்லலாம், தமிழில் எழுதலாம். அது அவர்கள் செய்யும் உதவி இல்லை, தமிழும் அரசகரும மொழி என்பதால் உங்களுக்கு உள்ள உரிமை. வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் அம்மா கையெழுத்து வைக்கக் கூடாது.

இன்னொன்று: தெரிந்தே பொய்யாக ஒருவரைக் குற்றம் சாட்டுவது தனியான குற்றம். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் சொன்ன சொல், நாள், நேரம், பக்கத்தில் நின்றவர். "நாற்பது" என்று சொன்னார் என்றால் "நாற்பது" என்றே சொல்லுங்கள், "40,000 ரூபா கேட்டார்" என்று நீங்கள் திருத்த வேண்டாம். மேல் நீதிமன்றத்தில் அந்த ஒரு சொல்லில் குறுக்கு விசாரணை ஒரு மணித்தியாலம் ஓடும்.

இழை மேற்பார்வை

முதல் பதிவில் இருந்த சில விபரங்களை எழுதியவரின் வேண்டுகோளின்படி மாற்றியிருக்கிறோம். பொதுவான விடயத்தைத் தொடர்ந்து பேசலாம். தனிப்பட்ட அலுவலகங்கள், உத்தியோகத்தர்களின் பெயரைத் தயவுசெய்து எவரும் எழுத வேண்டாம்.

கறுப்புக் கோட்டு

புளியமர நிழல் சொன்ன 2021க்கு வருகிறேன். அது நியாயமான கோபம். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால் கோபம் சரியான இடத்தில் போய் விழும்.

1994க்கு முன்பு இலஞ்ச ஆணையாளர் திணைக்களம் என்று ஒன்று இருந்தது. அவர்கள் விசாரிப்பார்கள், ஆனால் குற்றப்பத்திரம் சட்டமா அதிபரிடமிருந்துதான் போக வேண்டும். 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வேலையையும் ஒரே கூரைக்குள் கொண்டு வந்தது. மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு: இருவர் உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ இருந்து ஓய்வு பெற்ற நீதிபதிகள், ஒருவர் விசாரணையிலும் சட்ட அமுலாக்கத்திலும் அனுபவமுள்ளவர். அவர்கள் பணித்தால் பணிப்பாளர் நாயகம் நேரடியாக வழக்குத் தாக்கல் செய்யலாம். எந்த அமைச்சரிடமும் கேட்கத் தேவையில்லை. சட்டத்தில் இதற்கு மேல் சுதந்திரம் எழுத முடியாது என்று அன்று பலர் நினைத்தார்கள்.

கதவு எங்கே திறந்து கிடந்தது என்றால், அந்த மூன்று பேரை நியமிக்கிற இடத்தில். 2010இல் பழைய ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. புதிய உறுப்பினர்கள் பல மாதங்களாக நியமிக்கப்படவே இல்லை. கட்டடம் இருந்தது, உத்தியோகத்தர்கள் இருந்தார்கள், தொலைபேசி இருந்தது. ஆணைக்குழு இல்லை. பணிக்க ஆள் இல்லாததால் வழக்கும் இல்லை. ஒரு நிறுவனத்தை மூடச் சட்டத்தைக் கைவிடத் தேவையில்லை, மூன்று நாற்காலிகளை வெறுமையாக விட்டால் போதும்.

2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் வந்தபோது, முறைப்பாடு வரும்வரை காத்திராமல் தானாகவே விசாரணை தொடங்கும் அதிகாரம் கிடைத்தது, நியமனம் அரசியலமைப்புப் பேரவைக்கு ஊடாகப் போனது. 2020இல் 20ஆவது திருத்தம் அந்தப் பேரவையை எடுத்து விட்டு நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. ஜனாதிபதி அதன் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை. வாபஸ்கள் நடந்த 2021 அந்தக் காலத்துக்குள் வருகிறது. சொல்லப்பட்ட காரணம், வழக்குத் தொடர மூன்று ஆணையாளர்களும் கொடுத்திருக்க வேண்டிய எழுத்துமூல அனுமதி முறையாக இல்லை என்பது. அந்தக் குறைபாடு உண்மையாகவே பல கோப்புகளில் இருந்தது. ஆனால் குறைபாட்டைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்வதும் அதே ஆணைக்குழுவின் கையில்தான் இருந்தது. திருத்துவதற்கு அவசரப்பட்டார்களா, வாபஸ் வாங்குவதற்கு அவசரப்பட்டார்களா என்பதுதான் கேள்வி.

2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் பேரவையைத் திரும்பக் கொண்டு வந்தது.

புளியமர நிழல்

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 2016ஐ விட்டு விட்டீர்களே. அது நீங்கள் நல்ல காலம் என்று சொல்கிற 19ஆவது திருத்தத்தின் காலம். முன்னாள் பாதுகாப்புச் செயலாளரையும் கடற்படைத் தளபதிகளையும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது பற்றி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். சில நாளில் பணிப்பாளர் நாயகம் டில்ருக்ஷி டயஸ் விக்ரமசிங்க பதவி விலகினார். நல்லாட்சி என்று சொல்லி வந்த அரசில்! சட்டம் எழுத்தில் எதையும் கொடுக்கலாம். மேடையில் நின்று ஒருவர் குரலை உயர்த்தினாலே போதுமென்றால் அந்தச் சுதந்திரத்தின் கனம் என்ன?

கறுப்புக் கோட்டு

அதை நான் மறுக்க மாட்டேன். அந்த வாரம் எங்கள் சட்டத்தரணிகள் அறையில் இருந்த மௌனம் எனக்கு நினைவிருக்கிறது.

கடற்காற்று

நான் ஹொங்கொங்கில் 14 வருடம் வேலை செய்தேன். அங்கே இருக்கும் ஊழல் எதிர்ப்பு ஆணைக்குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாமா? இந்தக் கதையில் எங்களுக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் அங்கே ஊழலை விசாரித்தது பொலிஸுக்குள் இருந்த ஒரு பிரிவு. பொலிஸே பொலிஸைப் பார்க்கும். பீட்டர் கொட்பர் என்ற பிரித்தானியப் பொலிஸ் அதிகாரியிடம் சுமார் 43 இலட்சம் ஹொங்கொங் டொலர் இருந்தது தெரிய வந்தது. சம்பளத்தில் சேர்க்க முடியாத தொகை. விசாரணை நடந்து கொண்டிருக்கும்போதே 1973 ஜூனில் தன் பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டி விமான நிலையத்துக்குள் போய் விமானம் ஏறி விட்டார். மக்கள் வீதிக்கு வந்தார்கள். 1974 பெப்ரவரி 15ஆம் திகதி பொலிஸுக்கு வெளியே, நேரே ஆளுநருக்குப் பொறுப்பான தனி ஆணைக்குழு உருவானது. கொட்பரைப் பிரித்தானியாவிலிருந்து திரும்பக் கொண்டு வந்து 1975இல் நான்கு வருடச் சிறைக்கு அனுப்பினார்கள்.

எல்லாரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்தி விடுவார்கள். எனக்கு முக்கியம் 1977. ஆணைக்குழு பொலிஸ் நிலையங்களையே கூட்டமாகப் பிடிக்கத் தொடங்கியதும், ஒக்டோபர் 28ஆம் திகதி பொலிஸார் ஊர்வலம் போய், அதில் ஒரு பகுதியினர் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்து ஆட்களை அடித்தார்கள். ஒரு கிழமையில் ஆளுநர் மக்லெகோஸ், 1977 தொடங்கும் முன் செய்த குற்றங்களில் பெரும்பாலானவற்றை இனி விசாரிப்பதில்லை என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஆணைக்குழுவே முடிந்து விட்டது என்று பேசிக் கொண்டார்களாம். முடியவில்லை. மறுபடி எழுந்து வேலை செய்தது.

எங்கள் 2016உம் 2021உம் அதுபோலக் கடந்து போகக் கூடியவை என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே விசாரணையாளர்கள் ஆணைக்குழுவின் சொந்த ஆட்கள். இங்கே இவ்வளவு காலமும் விசாரித்தது பொலிஸ் திணைக்களத்திலிருந்து இணைக்கப்பட்ட உத்தியோகத்தர்கள். நாளைக்கு அவர் திரும்பவும் பொலிஸ் திணைக்களத்துக்கே போக வேண்டும், பதவி உயர்வும் அங்கேயே. ஒரு பெரிய பொலிஸ் அதிகாரிக்கு எதிரான கோப்பை அவர் எந்த மனத்தோடு எழுதுவார்?

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஹொங்கொங்கில் விசாரிப்பது ஆணைக்குழு, ஆனால் இலஞ்சச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர நீதித் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும். விசாரித்த கையே வழக்கும் தொடரக் கூடாது என்பது அவர்களின் வாதம். இலங்கையில் இரண்டும் ஒரே கையில். எது சரி என்று சட்டத்தரணி அண்ணாதான் சொல்ல வேண்டும்.

கறுப்புக் கோட்டு

நல்ல கேள்வி. என் அபிப்பிராயம்: சட்டமா அதிபர் அரசாங்கத்துக்கும் சட்ட ஆலோசகர். காலையில் ஒரு அமைச்சுக்கு ஆலோசனை சொல்கிறவர், பின்னேரம் அதே அமைச்சரின் குற்றப்பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஒரு நாட்டில், இரண்டையும் ஆணைக்குழுவிடம் விட்டது சரிதான். தவறு அந்த அமைப்பில் இல்லை. வழக்கை நடத்தப் போதிய சட்டத்தரணிகளும் சொந்த விசாரணையாளர்களும் இல்லாமல் அதை விட்டதில் இருக்கிறது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதில் சிலவற்றைத் தொடுகிறது. 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. சொந்தமாக விசாரணையாளர்களை எடுக்கலாம். தனியார் துறை இலஞ்சமும் குற்றம், விளையாட்டுத் துறை ஊழலும் குற்றம். தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு. நாடு கடனில் மூழ்கி சர்வதேச நாணய நிதியத்திடம் போன பிறகு வந்த சட்டம் இது. வெளியிலிருந்து அழுத்தம் இல்லாமல் எங்கள் நாடாளுமன்றம் இதை நிறைவேற்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் வந்து விட்டது. வந்ததைப் பாவிக்க வேண்டும்.

வெள்ளாப்பு

ஆண்கள் இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒருவரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். அந்த 2023 சட்டத்தில் பாலியல் இலஞ்சம் என்று பெயர் சொல்லியே ஒரு குற்றம் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த எத்தனை பெண்கள் வீட்டுத் திட்டத்துக்கும் காணிக்கும் கொடுப்பனவுக்கும் தனியே கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரிடமும் காசு கேட்கவில்லை. "பின்னேரம் போன் எடுக்கிறன், ஆன்சர் பண்ணுங்கோ" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், பக்கத்து மேசைக்கும் தெரியும். பெண்கள் அமைப்பு ஒன்றோடு வேலை செய்த காலத்தில் இதை ஒன்றல்ல, பல தடவை கேட்டிருக்கிறேன். அப்போது "இது இலஞ்சத்துக்குள் வருமா" என்று நாங்களே விவாதிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த விவாதம் தேவையில்லை.

அப்படிக் கேட்ட போன் அழைப்பு, செய்தி எதையும் அழிக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்கள். அவமானத்தில் அழித்து விடுகிறோம். அந்த அவமானம் எங்களுடையதில்லை.

பழைய கோப்பு

மகள், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பக்கத்து மேசையில் இருந்தவன் நான். எல்லாவற்றையும் நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், பார்த்தும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. இடமாற்றம் வரும் என்ற பயம். அதை இங்கே எழுதாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை.

மலையருவி

குளக்கட்டு, நீங்கள் கேட்டது "இதற்குள் போய் வந்தவர்கள்" என்று. நான் போய் வந்தேன்.

எனக்கு மலையகத்தில் ஒரு சின்ன உணவுக் கடை. என் கணவர் இறந்த பிறகு அனுமதிப்பத்திரத்தை என் பெயருக்கு எடுக்கப் போனபோது ஒருவர் 15,000 கேட்டார். அந்த நேரம் என்னிடம் இருந்ததே பிள்ளையின் பாடசாலைக் காசு. என் தம்பி போனில் 1954க்குச் சொன்னான். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் பேசினார்கள். எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் பொய் சொல்கிறேனோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் விளங்கியது, நீதிமன்றத்தில் யாரோ கேட்கப் போவதை இவர்கள் இப்போதே கேட்கிறார்கள்.

அன்றைய நாள் நான் கொடுக்க வேண்டிய நோட்டுகளின் இலக்கங்களை எல்லாம் எழுதிக் கொண்டார்கள். என்னோடு சொந்தக்காரர் மாதிரி ஒருவர் வந்தார். அவர் உத்தியோகத்தர். "நீங்களாகக் காசை நீட்ட வேண்டாம். அவர் கேட்க வேண்டும்" என்று வழியெல்லாம் சொல்லிக் கொண்டே வந்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்து நோட்டு நனைந்து விட்டது. அவர் கேட்டார். கொடுத்தேன். எண்ணிப் பார்த்து லாச்சிக்குள் வைத்தார். கூட வந்தவர் சைகை காட்ட, வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை.

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த மூன்று நிமிடத்துக்குப் பிறகு ஆறு வருடம் இருக்கிறது. முதல் அழைப்பாணை வரவே நீண்ட காலம். போன நாள் ஒன்றில் எதிராளியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை, இன்னொரு நாள் நீதிபதி மாறி விட்டார், இன்னொரு நாள் நேரம் போதவில்லை. ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டி, விடியக் காலை பஸ் ஏறி, பிள்ளையை அக்காவிடம் விட்டுப் போனேன். ஊரில் சிலர் என்னோடு கதைப்பதை விட்டார்கள். "ஒரு குடும்பஸ்தனின் வேலையைப் பறித்து விட்டாள்" என்றார்கள். அவருடைய மனைவி ஒருநாள் கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் நின்று விட்டுப் போனா. அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

குறுக்கு விசாரணையில் அவர் அணிந்திருந்த சட்டையின் நிறம் என்ன என்று கேட்டார்கள். ஞாபகமில்லை என்றேன். ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்று சொல்லுங்கள் என்று ஆணைக்குழுவின் சட்டத்தரணி அம்மா முதலே சொல்லியிருந்தா.

முடிவில் தண்டனை கிடைத்தது. சந்தோசமா என்று கேட்டால், சந்தோசம் என்ற சொல்லையே எனக்குப் பிடிக்காமல் போய் விட்டது. ஆனால் திரும்பவும் அந்த நாள் வந்தால் திரும்பவும் போவேன்.

குளக்கட்டு

அக்கா... நன்றி. வேறு சொல் வரவில்லை.

புளியமர நிழல்

சகோதரி, நான் இந்த இழையில் மிகக் கடுமையாக எழுதியவன். உங்கள் பதிவை வாசித்த பிறகு என் கேள்வி மாறவில்லை, ஆனால் கனமாகி விட்டது. 15,000 ரூபாவுக்காக நீங்கள் ஆறு வருடம் போய் வந்தீர்கள். உங்களிடம் அந்தப் பொறுமையைக் கேட்ட நாடு, கோடிக்கணக்கில் போன கோப்புகளில் ஒரு கையெழுத்தைச் சரியாக வாங்க முடியவில்லை என்று சொல்லிக் கைவிட்டது. அதனால்தான் 2021 என்னால் மன்னிக்க முடியாமல் இருக்கிறது.

கறுப்புக் கோட்டு

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனாலும் பெரியவர்கள் அகப்படுவதே இல்லை என்பது இனியும் உண்மை இல்லை. 2018 மே மாதம் ஜனாதிபதியின் ஆளணித் தலைமை அதிகாரி மகாநாமவும் அரச மரக் கூட்டுத்தாபனத் தலைவர் திசாநாயக்கவும் கொழும்பில் ஒரு ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் பிடிபட்டார்கள். கந்தளாய் சீனித் தொழிற்சாலை விடயத்தில் ஒரு இந்திய வர்த்தகரிடம் கேட்டது பத்துக் கோடி ரூபா, வாங்கியபோது கையில் இருந்தது இரண்டு கோடி. மலையருவி சொன்ன அதே முறை, அதே சுற்றிவளைப்பு. இரண்டு வருடத்துக்குள், 2019 டிசம்பரில், ஒருவருக்கு 20 வருடம், மற்றவருக்கு 12 வருடம்.

2025 ஏப்ரலில் வடமத்திய மாகாண முன்னாள் முதலமைச்சர் எஸ். எம். ரஞ்சித்துக்கும் அவருடைய செயலாளராக இருந்த உறவினருக்கும் எரிபொருள் கொடுப்பனவு மோசடியில் 16 வருடக் கடூழியச் சிறை. அடுத்த மாதம், 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் அரச விற்பனை நிறுவனமான சதொச ஊடாக இறக்கிய வழக்கில் முன்னாள் அமைச்சர்கள் மகிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 வருடமும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடமும். அரசுக்கு ஐந்து கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்று நிரூபிக்கப்பட்டது.

புளியமர நிழல்

எல்லாரும் ஆட்சியை இழந்த பக்கத்து ஆட்கள்.

கறுப்புக் கோட்டு

2018இல் பிடிபட்டவர் அன்றைய ஜனாதிபதியின் சொந்த அலுவலகத்தில் இருந்தவர். ஆனால் 2025 பற்றி நீங்கள் சொல்வது சரி. இன்றைய ஆளும் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் மீது முறைப்பாடு வந்து, அதே வேகத்தில் அந்தக் கோப்பு நகரும் நாளில்தான் இந்த ஆணைக்குழுவை முழுமையாக நம்புவேன். பணிப்பாளர் நாயகமாக ரங்க திசாநாயக்க வந்த பிறகு, 2025 முதல், வேலை வேகமாக நடப்பதை நீதிமன்றத்தில் நாங்களே பார்க்கிறோம். அந்த வேகம் ஆளைப் பொறுத்ததா, அமைப்பைப் பொறுத்ததா என்பதை அடுத்த ஆள்தான் காட்டுவார்.

பழைய கோப்பு

வேகத்தை விட எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு சிறிய விடயம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதவிநிலை உத்தியோகத்தர்கள் வருடா வருடம் சொத்து விபரம் கொடுக்க வேண்டும். அவற்றை உறையில் போட்டு ஒட்டி, கந்தோர் இரும்புப் பெட்டியில் வைப்பது என் வேலையாக இருந்தது. உறை வரும், உள்ளே போகும். அதைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒருவர் வந்ததை என் சேவைக் காலத்தில் நான் காணவில்லை. ஒருவருடைய வீடு மூன்று மாடியாக உயர்வதை ஊரே பார்க்கும், உறை மட்டும் பார்க்காது.

இப்போது அந்த விபரங்கள் ஆணைக்குழுவுக்கே போகின்றன. நாடாளுமன்ற உறுப்பினர்களுடையதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். வருமானத்துக்கு மீறிய சொத்தென்றால் எப்படி வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவர் தலையில். உறை திறந்து விட்டது. எனக்கு 68 வயது, இதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கடற்காற்று

ஐயா, ஹொங்கொங்கில் கொட்பர் விடயத்திலும் தொடக்கம் அதுதான். யாரும் அவர் வாங்கியதைப் பார்க்கவில்லை. வங்கிக் கணக்கையும் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

குளக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. சட்டத்தரணி அண்ணா சொன்னபடி எங்கள் விடயம் பற்றி இங்கே ஒன்றும் எழுத மாட்டேன்.

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். சட்டம், திருத்தம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. மலையருவி அக்காவின் பதிவு வந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா. முடிவில் ஒரு கேள்விதான் கேட்டா: "அந்தப் பிள்ளைக்குக் கடை லைசன்ஸ் கிடைச்சதாமோ?"

அக்கா, அதை நீங்கள் எழுதவில்லை.

மலையருவி

அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி. கிடைத்தது. சுற்றிவளைப்பு நடந்து நாலாம் நாள் வேறொரு உத்தியோகத்தர் கூப்பிட்டுக் கொடுத்தார். அரசாங்கக் கட்டணம் 750 ரூபா. பற்றுச்சீட்டு இன்னும் கடையில், சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.